புளிக்க வைத்த மா

இஞ்சேரப்பா, நேற்று மேல்வீட்டு ரீச்சர் நீ எனக்கு வாசித்துச் சொன்ன அந்தப் புத்தகத்தோடு வந்தா. லைப்ரரியில் கழித்துப் போட்டதாம். எழுத்துத் தெரியாத உன் புருசன் எனக்கும் அட்டை தெரிந்தது: வெள்ளைக் கோபுரம், முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். இதையும் நான் சொல்லச் சொல்ல ரீச்சர்தான் எழுதுகிறா.

சண்டை முடிந்த அந்த வைகாசியில், வன்னியில் இருந்த எங்கள் மகள் "நாளைக்கு எடுக்கிறன் அம்மா" என்று உன்னிடம் சொல்லிப் போனை வைத்தவள்தான். பிறகு குரலே இல்லை. நீ ரீவியைப் போடவிடமாட்டாய். அந்த இங்கிலிஷ் கதையைத்தான் பின்னேரங்களில் எனக்குத் தமிழில் சொல்லுவாய்.

கதை நடப்பது அமெரிக்காவில், மோர்மன் என்ற கிறிஸ்தவ சபைச் சனங்களின் ஊரில். ஒரு இளம்பெண் காணாமற் போகிறாள். அந்தச் சபையில் குருத்துவம் ஆண்களுக்குத்தான். அவர்கள் கூடி ஜெபித்து, புருசனை விட்டு ஓடிவிட்டாள் என்று முடித்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் நம்பவில்லை. அவளும் பக்திக்காரிதான். ஆனால் காணாமற் போனவளின் குசினியில், அடுப்பருகே பாண் சுடக் குழைத்துப் புளிக்க வைத்த மா பொங்கி வழிந்ததைக் கண்டவள்.

"ஓடுறவள் மாப் புளிக்க வைப்பாளோ?" என்று என்னோடு பாய்ந்தாய், நான்தான் அவளைத் துரத்தியது போல.

"அவைக்குத் தேத்தண்ணியே கூடாதாம்" என்றாய் இன்னொரு நாள்.

"அப்ப உன்னைச் சேர்க்கமாட்டினம்."

சிரித்தாய். "ஆனா செத்தாப் பிறகும் குடும்பம் ஒண்டாத்தான் இருக்குமாம்" என்றவள், மேலே வாசிக்கவில்லை.

ஆவணியில் உன் அண்ணன் நாலு பேரோடு வந்தார், மகள் செத்துவிட்டாள் என்று முடிவுகட்டி, அவளுக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்ய வேண்டுமென்று. "செய்யாட்டில் பிள்ளையின்ர ஆத்துமா அலையும்" என்றார். தகப்பன் என்று எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நீ தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாய்.

"நான் வாசிக்கிற கதையிலயும் உப்பிடித்தான் அண்ணை. ஆம்பிளையள் கூடியிருந்து முடிச்சவை. தேத்தண்ணி மட்டும் குடிக்கேல்லை."

ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை.

"நாளைக்கு எடுக்கிறன் எண்டவளுக்கு நான் எள்ளுந் தண்ணியும் இறைக்கிறதோ?"

"உங்கட தங்கச்சி சொல்லுறதுதான் என்ர சொல்லும்" என்றேன்.

அன்று பின்னேரம் கதை கடைசிக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, பூட்டிக் கிடந்த ஒரு கொட்டிலைக் கண்டுபிடித்து, கதவில் கை வைக்கிறாள். நீ புத்தகத்தை மூடினாய். "உள்ளுக்கு என்ன கிடக்குதோ, எனக்குத் தெரியவேண்டாம்." மறுநாளே லைப்ரரியில் திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

போன மாரியில் நீயும் போனாய். உன் அந்தியேட்டியில் ஐயர், மகளின் பேரையும் சேர்க்கட்டோ என்று கேட்டார். தலையாட்டி மறுத்தேன்.

இப்போது ரீச்சர் கேட்கிறா: "கடைசிக் கொஞ்சப் பக்கம்தான் அண்ணை, வாசிக்கட்டோ?"

"வேண்டாம் ரீச்சர்."

புத்தகம் போனுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அந்த மனுசி இன்னும் கதவில் கை வைத்தபடி. நீ விட்ட இடத்தில்தான் நானும் நிற்கிறேனப்பா, தனிய.