முதுகுப் படம்

விராலிமலை
பிலவ வருஷம், ஆனி மாதம் 12-ஆம் தேதி

சிரஞ்சீவி சோலையப்பனுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மலைமேல் இருக்கிற முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். கீரனூரில் உன் தங்கை அழகம்மாளும் சௌக்கியம், அவளுக்கு இது ஐந்தாவது மாதம். உன் சௌக்கியத்துக்கு எழுதவும் என்று வழக்கமாக ஒரு வரி போடுவேன், இந்தத் தடவை அந்த ஒரு வரி போதாது. ஒரு விஷயம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பதென்று தெரியாமல் மூன்று கடுதாசி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நாலாவது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துப் படி, எனக்குத் தலை ஒரு நிலையில் இல்லை.

போன மாதம் அப்பாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயம், அவரோடு வேலை பார்க்கிற வாத்தியார்கள் நாலு குடும்பம் சேர்ந்து கொடைக்கானல் போய்வந்தோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அங்கே ஒரு படம் வாங்கினதை எழுதவில்லை. எனக்கு அந்த ஊருக்குப் போகவே மனசில்லை. கோயில் குளம் இல்லாத ஊருக்குக் காசைக் கரியாக்கிக்கொண்டு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டேன், அங்கேயும் ஒரு முருகன் இருக்கிறான் என்று அப்பா சொன்ன பிறகுதான் கட்டுச்சோறு கட்டினேன். போய்ப் பார்த்தால் பல் கிட்டுகிற குளிர், சாமியைக்கூட ஒழுங்காகக் கும்பிட முடியவில்லை. ஏரிக்கரையில் ஒரு ஓவியர் மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, தான் வரைந்த படங்களைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். மற்ற வீட்டுப் பெண்கள் தைலமும் பழமும் வாங்கிக்கொண்டிருக்க, உன் அப்பாவுக்கு மட்டும் எங்கிருந்தோ ரசனை வந்துவிட்டது. நம் வீட்டுச் சுவரில் காலண்டரைத் தவிர ஒன்றும் இல்லையாம், வருகிறவர்கள் என்ன நினைப்பார்களாம். இருபது வருஷமாக வராத நினைப்பு அங்கே போய் வந்தது.

அவர் எடுத்தது ஏரிப் படம். ஏரி, அக்கரையில் மரங்கள், பனி, இந்தக் கரையில் ஒரு ஆண் குனிந்தாற்போல உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். இரண்டு பேரும் ஏரியைப் பார்க்கிறார்கள், நமக்குத் தெரிகிறது முதுகுதான். மொகமே தெரியலையே, இதுக்குப் போயி இம்புட்டு வெலை சொல்றீங்களே என்று அப்பா பேரம் பேசினார். மொகம் வேணும்னா வேற படம் பாருங்க சார், இது முதுகுப் படம், ஒரு வருஷமா விக்காமக் கெடக்கு என்று சொல்லி அந்த மனுஷர் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் யார் மடியிலும் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு வந்து கூடத்தில் மாட்டினார்.

மாட்டி ஒரு வாரம் வரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டுத் துவட்டிக்கொண்டே நிற்கிறேன், பார்வை அந்த ஆணின் உச்சந்தலையில் போய் விழுந்தது. ரெட்டைச் சுழி. இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கி இருக்கிறது. இரண்டும் உனக்கு இருக்கிறது போலவே. பத்து வயது வரைக்கும் சனிக்கிழமை தவறாமல் நான் எண்ணெய் வைத்த தலை எனக்குத் தெரியாதா? முகத்தைக் காட்டியிருந்தால்கூட இவ்வளவு நிச்சயமாக இருந்திருக்காது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா, நாட்டுல பாதிப் பேருக்கு ரெட்டைச் சுழிதான் என்றார். சொன்னாரே தவிர, பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே போய் ஒவ்வொரு தலையாகப் பார்த்திருக்கிறார். நாற்பத்திரண்டு பிள்ளைகளில் இரண்டு பேருக்குத்தான் ரெட்டைச் சுழியாம். சாயங்காலம் வந்து அதை என்னிடம் சொல்லிவிட்டு, ராத்திரி சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

மறுநாள் படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தோம். பென்சிலில் 27-4-60 என்று போன வருஷத் தேதி போட்டிருக்கிறது. அழகம்மாள் கல்யாணம் அதற்கு இரண்டு நாள் முன்னால். ஆபீசில் ஆடிட், லீவு கிடையாது, தங்கை கல்யாணத்துக்குக்கூட வர முடியாத பாவி ஆகிவிட்டேன் என்று நீ எழுதின கடுதாசி என் பெட்டியில் இருக்கிறது. கல்யாணத்தன்று பம்பாயிலிருந்து உன் வாழ்த்துத் தந்தி வந்ததே, இரண்டு நாளில் பம்பாயிலிருந்து கொடைக்கானலுக்குப் பறந்தா வருவான் என்று அப்பா கேட்கிறார். சிநேகிதன் யாரிடமாவது கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் என்று நான் கேட்கிறேன். படத்தில் நிற்கிற அந்தப் பெண் முந்தானையை நம்மைப் போல இடது தோளில் போட்டுப் பின்னால் விடவில்லை, பின்னாலிருந்து கொண்டுவந்து வலது தோள் வழியாக முன்னால் போட்டிருக்கிறாள். பம்பாயில் இருந்துவிட்டு வந்த போஸ்ட்மாஸ்டர் வீட்டு அம்மாளிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன், அது குஜராத்திக்காரர்கள் கட்டுகிற கட்டு என்றார்கள். நீ முன்னால் ஒரு குஜராத்திக்காரர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, நினைப்பு வருகிறது.

கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வாசலில் பந்தல் போட்டுத் தாலி கட்டுகிற நேரத்தில் அண்ணன் எங்கே அண்ணன் எங்கே என்று உன் தங்கை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே, அவளை விட்டுவிட்டு நீ ஏரி பார்க்கவா போனாய் என்று வந்தது. பிறகு இன்னொன்று தோன்றி அந்தக் கோபத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பம்பாயிலிருந்து ரயிலில் வந்தால் மணப்பாறை ஸ்டேஷனைத் தாண்டித்தானே கொடைக்கானலுக்கு இறங்குகிற கொடைரோடு போக வேண்டும். மணப்பாறையில் இறங்கினால் பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் வீடு. கல்யாணத்துக்கு வரத்தான் புறப்பட்டாயா? கூட ஒருத்தியை வைத்துக்கொண்டு எப்படி நுழைவது என்று பயந்து அப்படியே தாண்டிப் போய்விட்டாயா? அப்படி இருந்தால் எங்களைப் பற்றி நீ என்னதான் நினைத்தாய்? அடுத்த நிமிஷம், ஐயோ இது யார் பெற்ற பிள்ளையோ, இந்த முதுகுக்கு நான் ஏன் அழுகிறேன் என்று வருகிறது. அது நீயாக இருக்க வேண்டுமா இருக்கக்கூடாதா என்றே எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

இதை நான் சும்மா கேட்கவில்லை. அழகுமலை மாமா போன வாரம் குடும்பத்தோடு வந்துவிட்டார். அவர் மகள் சொர்ணவல்லியை உனக்கென்று பேசி வைத்தது நீ அறிந்ததுதான். அறந்தாங்கியில் இன்னொரு நல்ல இடம் கேட்கிறார்களாம், அக்கா நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா அவுகளை வேண்டாம்னுருவேன், ஆவணியில முடிச்சுருவோம் என்கிறார். உன் ரெட்டைச் சுழியைக் காட்டி, இவனுக்கு ரெண்டு பொண்டாட்டிடா, என் மக ரெண்டாவதா வந்துறக் கூடாதுக்கா என்று சின்ன வயதில் அவர் கேலி செய்வார். அன்றைக்கும் அதையே சொல்லிச் சிரித்தார். என் தம்பி முகத்தைப் பார்க்க முடியாமல் காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

படத்தின்மேல் துண்டைப் போட்டு மூடித்தான் வைத்திருந்தேன். சொர்ணவல்லி எப்போது துண்டை விலக்கிப் பார்த்தாளோ தெரியாது, அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளாகத்தான் கேட்டாள், அது அத்தானா அத்தை என்று. தெரியலைம்மா என்றேன். எனக்கும் தெரியலை என்றாள். டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, உக்காந்திருக்கவங்க போத்தியிருக்கது பொம்பளைச் சால்வை அத்தை, பூக்கரை போட்டது, அந்த அக்கா தன்னோடதக் கழட்டிக் குடுத்துட்டுக் குளிர்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க, அத்தானா இருந்தா என்னைய அவங்க ரெண்டு பேருக்கு நடுவுல அனுப்பிறாதீங்க என்றாள். அழவில்லை. காப்பியை எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் கொடுத்தாள். அத்தனை நாளும் நான் உன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் சொன்ன பிறகுதான் போய்ச் சால்வையைப் பார்த்தேன். அந்தப் பெண் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நிற்கிறாள். உனக்குக் காய்ச்சலா அப்போது?

ஆடி முடிகிற வரைக்கும் தம்பியிடம் தவணை கேட்டிருக்கிறேன். அதற்குள் உண்மையை எழுது. நீயில்லை என்றால் இல்லை என்று எழுது, நான் சந்தோஷமாகச் சொர்ணவல்லி வீட்டுக்குப் பூ எடுத்துக்கொண்டு போகிறேன். நீதான் என்றால் எங்களுக்குப் பயந்து இல்லை என்று எழுதிவிடாதே, அது அந்தப் பிள்ளை தலையில் கல்லைப் போடுகிற காரியம், நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் மன்னிக்கமாட்டேன். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அப்பா நாலு நாள் பேசமாட்டார், ஐந்தாவது நாள் ஸ்டேஷனுக்கு வண்டி பேசிக்கொண்டு அவரே வருவார், அவரை எனக்குத் தெரியும். அவள் பேர் என்ன, அவளைப் பெற்றவர்களுக்காவது தெரியுமா, நம் சாப்பாடு அவளுக்குச் சேருமா, எல்லாவற்றையும் எழுது.

தலைக்கு எண்ணெய் வை, கண்ட இடத்தில் சாப்பிடாதே. முருகன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் ஆகாது, உனக்கென்று ஒரு சால்வை வாங்கிக்கொள். அவளுடையதை அவளிடம் கொடுத்துவிடு. அது நீயில்லை என்றால் இந்த வரியை விட்டுவிட்டுப் படி.

இப்படிக்கு
உன் அம்மா
பிரகதாம்பாள்