புயலன்று நான் வீட்டில் இருந்தேன்

அன்புள்ள பட்டாணிக்கு,

நானும் உன் அம்மாவும் சுகம். வீடும் சுகம், பின்பக்கக் கூரையில் மூன்று ஓட்டுக்கு மட்டும் உடம்பு சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் முதுகு வலி குறைந்ததா என்று விவரமாக எழுது. இங்கே டவர் இன்னும் சரியாகவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒற்றைக் காலில் நின்றால் ஒரு கோடு வருகிறது, அங்கே நின்று "நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்" என்று நான் கத்தியது உனக்குக் கேட்டதோ இல்லையோ, தெருவுக்கே கேட்டுவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். போன் என்றால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் திணறி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். கடிதத்தில் நான் பாட்டுக்குப் பேசலாம்.

புயல் வருகிறது என்று செய்தி வந்த அன்று நீ சொன்னது என் காதை விட்டு இன்னும் போகவில்லை. "இந்தத் தடவை அம்மாவோட இன்சுலின் கெட்டுப் போச்சுன்னா நான் வந்து அம்மாவ இங்கயே கூட்டிட்டு வந்துடுவேன்ப்பா, நீங்க உங்க கம்பத்தோட இருந்துக்கோங்க" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உன் மேல் கோபம் வரவில்லை, வர நியாயமும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் லைன்மேனாக இருந்தவன், காற்று எழும்பினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டுவிட்டு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சேறும் சகதியுமாக வந்து தூங்குவேன். ஒரு புயலுக்குக்கூட இந்த வீட்டுக்குள் நான் இருந்ததில்லை. ஓய்வு பெற்று வந்த முதல் வருஷம் புயலே இல்லை. ஆக இதுதான் முதல். கரண்ட் விஷயத்தில் எனக்குத் தெரியாததா, ஒரு கை பார்த்துவிடலாம் என்று மார்தட்டிக்கொண்டு ஒரு பெரிய தாளில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுத உட்கார்ந்தேன். ஏழாவது எண்ணுக்கு வருவதற்குள் உன் அம்மா பாதி வேலையை முடித்துவிட்டாள்.

நான் ஜன்னலுக்கு அடிக்கப் பலகை வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உங்க கட்டிலுக்கு அடியில பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தால் பழைய வேட்டியில் சுற்றி ஏழு பலகை, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண், எண்ணுக்குப் பக்கத்தில் சமையலறை, கூடம் இடது, கூடம் வலது என்று உன் குண்டு குண்டான பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. இத்தனை வருஷமாக அதன் மேல்தான் படுத்துத் தூங்கியிருக்கிறேன், அது என்ன என்று ஒரு நாள் கேட்டதில்லை. வீட்டுப் பத்திரம், உன் சான்றிதழ்கள், என் பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பிரஷர் குக்கருக்குள் வைத்து மூடியைத் திருகினாள். ரப்பர் வளையம் இருப்பதால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாதாம், வீடே மிதந்தாலும் குக்கர் கரை சேரும் என்கிறாள். பூந்தொட்டிகளை எல்லாம் முன்கூட்டியே படுக்க வைத்தாள், நிற்கிறதைத்தான் காற்று தள்ளும் என்று. டார்ச்சைக் கூடத்துச் சுவரில் தோள் உயரத்தில் ஒரு ஆணியில் மாட்டினாள், இருட்டில் கை தானாக அங்கே போகுமாம். அந்த ஆணி நீ ஐந்தாம் வகுப்பில் அடித்ததாமே, கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் கெட்டி.

பிறகு தண்ணீர். வாளி, குடம், அண்டா, தட்டு மூடிய சட்டிகள், பூ வைக்கும் கண்ணாடிக் குவளை வரைக்கும் பிடித்து அறை அறையாகப் பரப்பினோம். நடக்க வழியில்லாமல் ஓரமாக ஊர்ந்து போகவேண்டியிருந்தது. ஃபிரீசரில் நான்கு நாளுக்கு முன்பே பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் உறைய வைத்திருந்தாள். இன்சுலினுக்கு மட்டும் மருந்துக்கடைக்காரரை வீட்டுக்கே வரவழைத்தேன், அந்தப் பொறுப்பை நான் என் தலையில் போட்டுக்கொண்டேன். "ஃபிரிட்ஜைத் திறக்காம வச்சீங்கன்னா நாலு மணி நேரம் தாங்கும், அதுக்கப்புறம் அகல வாய் ஃபிளாஸ்க்ல ஐஸ் போட்டு, மருந்தைத் துணியில சுத்தி வைங்க, ஐஸ் மேல நேரா படக் கூடாது, உறைஞ்சாலும் போச்சு, சூடானாலும் போச்சு" என்றார். எட்டு இன்சுலின் பேனா, இரண்டு மாதத்து மருந்து. கைக்குட்டையில் சுற்றி உள்ளே இறக்கி, மூடியை மூன்று தடவை திருகிப் பார்த்தேன். முப்பது அடி உயரத்தில் கம்பியைக்கூட இத்தனை பயத்தோடு தொட்டதில்லை.

காற்று மதியத்துக்கு மேல் ஏறியது. நான் முதல் வேலையாக மெயின் சுவிட்சை அணைத்தேன். "கரண்ட் இருக்கும்போதே ஏன் அணைக்கிறீங்க" என்று அம்மா கேட்டாள். லைன் அறுந்து ஏறுமாறாகக் கரண்ட் பாய்ந்தால் வீட்டில் ஒரு சாமான் மிஞ்சாது என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். வகுப்பு முடிவதற்குள் தெருவிலும் கரண்ட் போய்விட்டது. பார்த்தாயா என்று மீசையைத் தடவினேன். அம்மா போய்க் கூடத்து பல்பின் சுவிட்சை மட்டும் கீழே தட்டிவிட்டு வந்தாள். கரண்ட் வந்தால் அது எரியும், அதுதான் நமக்கு அடையாளம் என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காற்று வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்று எனக்கு அத்துப்படி, மூஞ்சியில் அறையும், கண்ணில் மண் போடும், ஏணியைப் பிடுங்கும். வீட்டுக்குள்ளிருந்து கேட்டால் அது வேறு காற்று. ஏழு பலகையும் அடித்த பிறகு பகலா இரவா தெரியவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அறை முழுக்கத் தண்ணீர், ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் ஒரு சின்னச் சுடர், காற்று சுவரை உலுக்கும்போது எல்லாச் சுடரும் சேர்ந்து நடுங்கி, மறுபடி நிற்கும். நான் கட்டிலில் உட்கார்ந்து மடியில் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கினேனா விழித்திருந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடுநடுவே அம்மா பேசினாள். இந்த முப்பத்திரண்டு வருஷத்துப் புயலையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள், எந்தப் புயலில் சமையலறைக்குள் தவளை வந்தது, எந்தப் புயலில் உனக்கு அம்மை போட்டிருந்தது, எதில் நீயும் அவளும் ஒரே போர்வைக்குள் இருந்து பெருக்கல் வாய்ப்பாடு சொன்னீர்கள் என்று. நான் வேறு யாருடைய குடும்பத்தையோ பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அதைச் சொன்னாள். நீ சின்னவளாக இருந்தபோது அந்தக் கூடத்து பல்புக்கு நேர் கீழே பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்வாயாம், எத்தனை சொன்னாலும் நகர மாட்டாயாம். பல்பு எரிந்த நொடி துள்ளி எழுந்து "அப்பா வந்துட்டாரு" என்று கத்துவாயாம். நான் அப்போது எங்கேயோ ஒரு கம்பத்தில் தொங்கிக்கொண்டிருப்பேன், வீடு வந்து சேர இன்னும் இரண்டு நாள் ஆகும், ஆனால் உன் கணக்கில் விளக்கு எரிந்தால் நான் வந்துவிட்டேன். இது எனக்குத் தெரியவே தெரியாது பட்டாணி. ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க வந்ததும் தூங்கிடுவீங்க" என்றாள், குற்றம் சொல்லும் குரலில் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலையில் காற்று ஓய்ந்தது. ஆனால் ரேடியோவில், கம்பிகள் அறுந்து கிடக்கின்றன, மாலை அறிவிப்பு வரும்வரை யாரும் வெளியே வரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஊர் ஊராகப் போய் நானே அதைச் சொன்னவன், நானே மீறலாமா, கதவைத் திறக்கவில்லை. அப்போது ஒரு அதிசயம். கூடத்துப் பலகை ஒன்றில் பழைய ஆணி ஓட்டை ஒன்று இருக்கிறது. வெயில் வந்ததும் அந்த ஓட்டை வழியாக எதிர்ச் சுவரில் நம் தெரு முழுவதும் தலைகீழாக விழுந்தது. வானம் தரையில், மரங்கள் மேலேயிருந்து தொங்குகின்றன, வேலியெல்லாம் கூரையில். மங்கலாக, ஆனால் நிறத்தோடு. உன் அம்மா பார்த்துவிட்டு, இதுவும் நீ கண்டுபிடித்ததுதான், ஒவ்வொரு புயலுக்கும் இதுதான் உங்கள் சினிமா என்றாள். இருவரும் அண்டாவுக்கும் வாளிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் சுவரில் நான்கு பேர் தலைகீழாக நடந்து வந்தார்கள், ஒருவன் கம்பத்தில் கீழ்நோக்கி ஏறினான். அந்த நெட்டையன் இடுப்புப் பட்டையைக் கட்டிய விதத்திலேயே தெரிந்துவிட்டது, என் கூட இருந்தவன், நான் பழக்கியவன். பட்டையை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றடா என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன். அம்மா சிரித்த சிரிப்பில் ஒரு குவளைத் தண்ணீர் கொட்டியது. முந்தின இரவு தூங்காததால் பார்த்துக்கொண்டே கண் அசந்துவிட்டேன். விழித்தபோது வெயில் நகர்ந்து தெருவும் அழிந்துவிட்டது, கூடத்து பல்பும் எரியவில்லை. பையன்களால் முடியவில்லை, நம் லைன் கடைசியில்தான் வரும், குறைந்தது மூன்று நாள் என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னேன். அவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

மாலைக்குள் கடைசி ஐஸ் பாட்டிலும் கரைந்தது. ஃபிளாஸ்க்குக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், ஜில்லென்ற தண்ணீர்தான், இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. நீ சொன்னது மறுபடி காதில் கேட்டது. அம்மா இல்லாத இந்த வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன், எனக்கு இங்கே ஒரு டம்ளர் எந்த இடத்தில் இருக்கும் என்றுகூடத் தெரியாது. ரேடியோவில் வெளியே வரலாம் என்றதும் ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்காவது ஐஸ் கிடைக்குமா என்று கதவைத் திறந்து ஓடினேன். தெருவில் வழுக்கி வழுக்கி நான்கு அடி வைத்திருப்பேன், தையல்காரர் வீட்டு வாசலில் மஞ்சள் வெளிச்சம், உள்ளே மிஷின் கடகடவென்று ஓடுகிறது. எதிர் வீட்டில் டிவி. கோடியில் மாவு மில் சத்தம். தையல்காரர் தலையை நீட்டி, "என்ன அண்ணே, எங்க ஓடுறீங்க, உங்க வீட்ல இன்னும் கரண்ட் வரலையா? பதினோரு மணிக்கே வந்துடுச்சே" என்றார். கேட்டுவிட்டு அவரே யோசித்து, "நீங்க லைன்மேன் ஆச்சே" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்கே கரண்ட் வந்து ஆறு மணி நேரம், லைன்மேன் வீட்டில் மட்டும் லைன்மேன் கையாலேயே இருட்டு.

திரும்பி வந்து மெயின் சுவிட்ச் முன்னால் நின்றேன். அம்மா கூடத்தில், நீ பாய் போடுகிற அதே இடத்தில், சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் சுவிட்சைத் தூக்கியிருப்பேன், ஒரு விளக்கு எரிவதைக்கூட நின்று பார்த்ததில்லை, அடுத்த கம்பத்துக்குப் போய்விடுவேன். தூக்கினேன். ஃபிரிட்ஜ் ஒரு உதறு உதறிக்கொண்டு எழுந்தது, மின்விசிறி மெல்லச் சுற்றியது, கூடத்து பல்பு எரிந்தது, வீட்டில் உள்ள அத்தனை தண்ணீரிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் விழுந்தது. உன் அம்மா கண்ணைத் திறக்கவில்லை. என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லை. மெதுவாக, "அப்பா வந்துட்டாரு" என்றாள்.

மருந்து எட்டும் பத்திரம். மறுநாளே மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு, குளிர் விடவே இல்லை, தாராளமாகப் போடலாம் என்றார். நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டேன், இனி அம்மாவை என்னிடம் விட்டு வைப்பதா, கூட்டிப் போவதா என்று நீயே சொல். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. தையல்காரர் மிஷின் சத்தம் நம் சுவரைத் தாண்டி நன்றாகக் கேட்கும், எனக்குத்தான் டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது, உன் அம்மாவுக்கு எறும்பு நடந்தால்கூடக் கேட்கும். அன்று பகல் முழுவதும் கேட்கவில்லையா என்று விசாரித்தேன். "மருந்து ஜில்லுனுதானே இருந்துச்சு, நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு பாத்திரங்களைக் கவிழ்க்கப் போய்விட்டாள்.

உங்கள் பக்கமும் காற்று வரும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். பதினோராவது மாடி, கரண்ட் போனால் லிஃப்டும் நிற்கும், மோட்டாரும் நிற்கும், இன்றைக்கே தண்ணீர் பிடித்து வை. மெழுகுவர்த்தியைத் திரைச்சீலைப் பக்கம் வைக்காதே. முதுகு வலியோடு நீ வாளி தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும். மெயின் சுவிட்சை அணைத்தால் அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடச் சொல், இங்கே அம்மா இப்போது கட்டி வைத்திருக்கிறாள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையும் பார்க்கிறாள். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய ஆசியும்.

ஒன்றை மறந்துவிடாதே. அங்கே கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அதைப் போட்டவன் நான் இல்லை, எவனோ ஒரு பிள்ளை மழையில் நனைந்துகொண்டு போட்டிருப்பான். இருந்தாலும் விளக்கு எரிந்ததும் ஒரு தடவை அந்தப் பழைய வார்த்தையைச் சொல். இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் இருக்கும்
உன் அப்பா