நூற்றுக்கு ஒன்று

4 மார்ச் 1931

இன்று சி.சி. படித்தேன். ஆயிரம் சி.சி. சேர்ந்தால் ஒரு லிட்டர். சொல்லித்தந்தவள் என் மருமகள் சந்திரகலா, கிள்ளான் டவுனில் பள்ளிக்கூடம் போனவள். போன வருஷம் வரை எனக்கு 'அ' தெரியாது. "நூத்துக்கு ஒண்ணு வேணும்னா கடைசி ரெண்டு சைபரை வெட்டுங்க மாமா" என்றாள். ஆயிரத்தில் வெட்டினேன். பத்து! அறுபது வயதில் குதித்தேன்.

7 மார்ச்

ரப்பர் விலை விழுந்துவிட்டது. பால் ஸ்டோரில் இனி ஒரு ஆள் போதுமாம். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டைத் தண்ணீரில் கலப்பவன் நாகையா. தகரம் கழுவுபவன் நான். எங்களில் ஒருவனைத் துரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார். நாகையாவுக்கு அங்கே யாருமில்லை. பெண்சாதியை இந்தத் தோட்டத்தில்தான் புதைத்தான். எனக்கு மட்டும் அங்கே யார் இருக்கிறார்கள்?

அவன் அளப்பதே இல்லை. கலந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைப்பான், அவ்வளவுதான். அளக்கக் கோடு போட்ட புதுக் கண்ணாடிக் குவளை வந்திருக்கிறதே என்றேன். "சி.சி.யாம், சீச்சீ! போய்த் தகரத்தைத் தேய்டா சபாபதி."

8 மார்ச்

நானே போய், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் சொன்னேன், இனிமேல் நாக்கு எதற்கு என்று. விநாயகமூர்த்தி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். விழுந்து விழுந்து சிரித்தார். "உன்ர கணக்கோ, அவன்ர நாக்கோ, நாளைக்குப் பாப்பம். தோத்தவன் கப்பல்."

9 மார்ச்

ஜெயித்துவிட்டேன்!

நாகையாவை வெளியே நிறுத்திவிட்டு, கணக்கைச் சீட்டில் எழுதி, நானே இரண்டு பாத்திரத்தில் கலந்தேன். முதலாவது அரை லிட்டர், நூற்றுக்கு இரண்டு. அடுத்தது ஒரு லிட்டர், நூற்றுக்கு ஒன்று, தினமும் போடுகிற அளவு.

நாகையா உள்ளே வந்து முதலாவதைத் தொட்டு நக்கினான். "நாம போடறதுக்கு ரெட்டிப்பு." சரியாகச் சொல்லிவிட்டான்.

இரண்டாவதை வாயில் வைத்ததும் துப்பினான். "ஐயோ, நெருப்பு! பத்து மடங்கு ஊத்திருக்கான் கிராணி ஐயா!"

கிராணி என் சீட்டைத் தூக்கிக் காட்டினார். நூற்றுக்கு ஒன்று. மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் எல்லாம் கைகொட்டினார்கள். "தினம் கலக்குறதே தெரியலையா அண்ணே?" "கள்ளுல ஊறின நாக்குலா!" அவன் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் தொட்டிக்கு ஓடினான். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

10 மார்ச்

சந்தோஷத்தில் அதே கணக்கை மறுபடி எழுதிப் பார்த்தேன். ஒரு சைபரைத்தான் வெட்டியிருக்கிறேன். பத்து சி.சி.க்குப் பதில் நூறு ஊற்றியிருக்கிறேன். அவன் சொன்ன அதே பத்து மடங்கு.

சொல்லணுமா? சொன்னா யார் போறது, நானா? இப்பத்தானே எழுத்தே வந்துச்சு எனக்கு — பேசாம இரு கிழவா.

11 மார்ச்

நாகையாவுக்கு நாக்கெல்லாம் கொப்புளம். கஞ்சிகூட இறங்கவில்லையாம். ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருக்கிறது.

20 மார்ச்

கப்பலுக்குப் போகிறவர்களை ஏற்ற லோரி வந்தது. நாகையா தகரப்பெட்டியோடு ஸ்டோர் வாசலில் வந்து நின்றான். பேச்சு இன்னும் குழறுகிறது. "கப்பல்ல பெட்டி மாறிப்போகுமாம் அண்ணே. உங்களுக்குத்தான் எழுத்து வருமே. என் பேரை எழுதிக் குடுங்க."

அண்ணே என்றான்.

ரப்பர் பெட்டிக்குப் பூசும் கறுப்பு மையைத் தொட்டு எழுதினேன். மூன்றே எழுத்து. குனிந்து வெகுநேரம் பார்த்தான். "தப்பில்லாம இருக்காண்ணே?"

தப்பே இல்லை என்றேன். இவ்வளவு அழகாக நான் இதுவரை எழுதியதில்லை.