நிறம் வராத தண்ணீர்

நாள் 41. காலை 7:10
இடம்: நிலவின் தென்முனை, விருந்தினர் விடுதி, நீச்சல்குளக் கூடம்.
எழுதுபவர்: ச. சவரிமுத்து, குளப் பராமரிப்பு.
விடுதியில் இருப்போர்: ஒருவர். மேற்படி ஆள்தான்.

பனிக்கட்டியை உருக்கிக் குளத்தை நிரப்பும் வேலை முடிந்தது. அறுபதாயிரம் லிட்டர். அடியில் கிடக்கும் திருகாணிகூடத் தெரிகிறது. குளோரின்: பூஜ்யம். இன்னும் போடவில்லை, அதனால் மனவருத்தம் இல்லை.

முதல் விருந்தினர் கப்பல் ஆறு நாளில் இறங்கும். அதில் தண்ணீர்ச் சான்று அதிகாரியும் வருகிறார். அவர் கையெழுத்து இல்லாமல் குளத்தில் ஒருவரும் கால் நனைக்க முடியாது. அதிகாரி பெயர் பெர்னதெத். என் மகள். பத்தாம் வகுப்பு அறிவியலில் நான் வாங்கியது முப்பத்தொன்று மார்க். அவள் வேதியியலில் எம்.எஸ்சி. நான் எழுதிய தாளை அவள் திருத்தப்போகிறாள்.

காலை 11:00
கோவளத்து ரிசார்ட்டில் இருபத்திரண்டு வருடம் குளோரின் பொடி அள்ளிய அலுமினியக் குவளையைக் கூடவே கொண்டுவந்திருக்கிறேன். ஒரு கிலோ பிடிக்கும். புதுத் தண்ணீருக்கு மூன்று குவளை என்பது அங்கே கணக்கு. மூன்று போட்டேன்.

நாள் 42. காலை 7:05
கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து மாத்திரை போட்டேன். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு குளோரின். ஒரு கணம் சிவப்பு கண்ணடித்தது. அப்புறம் வெறும் தண்ணீர்.

ரீடிங்: பூஜ்யம்.

கோவளத்தில் இப்படி ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. வெயில் தின்றுவிடும், கூட்டம் தின்றுவிடும், மீதியை மேனேஜர் மிச்சம் பிடித்துவிடுவார். இங்கே வெயில் இல்லை, கூட்டமும் இல்லை. பொடி பழசாக இருக்கும். இன்னும் மூன்று குவளை போட்டேன்.

மாலை 5:30
கப்பலிலிருந்து பெர்னா பேசினாள். பதிவு:

"பா, சாப்ட்டியா?"
"ஆச்சும்மா. நீ?"
"டியூப்ல பிதுக்கி சாம்பார் சாதம். அம்மா பாத்தா அழுதுடும். குளோரின் ரீடிங் எவ்ளோ?"
"மூணு."
"கரெக்டா மூணா?"
"உங்கப்பன் போட்டா மூணுதான் வரும்."
"ரொம்ப அலட்டாத. பாத்துதான் கையெழுத்துப் போடுவேன்."

மூன்று இருக்க வேண்டியது. அதனால் மூன்று என்றேன். வருவதற்குள் ஆக்கிவிட்டால் அது பொய் இல்லை.

நாள் 43. காலை 7:00
ரீடிங்: பூஜ்யம். இன்று கண்ணடிக்கவும் இல்லை. இரண்டு குவளை.

நாள் 44. காலை 7:00
பூஜ்யம். இரண்டு குவளை. மொத்தம் பத்து கிலோ. இந்தத் தண்ணீருக்கு வயிறு எங்கே இருக்கிறதோ.

மணம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இதை யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம். என் மூக்கு பொடி வாசத்தில் செத்துப் பதினைந்து வருடமாகிறது. கருவாட்டுக் குழம்பு கொதித்தாலும் வீட்டில் யாராவது சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

மாலை 5:40
"பா, ரீடிங்?"
"மூணு."
"முந்தாநாளும் மூணு, இன்னிக்கும் மூணா? கொஞ்சமாவது மாறணுமே."
"அதுக்கென்ன கேடு? இங்க காக்கா எச்சம் போடுதா, குழந்தைங்க ஒண்ணுக்குப் போவுதா?"
"சரிப்பா. ஏதாவது வித்தியாசமா இருந்தா சொல்லு. வெக்கப்படாத."

வெட்கப்படாதே என்று சொன்ன பிறகு யார் சொல்வார்கள்?

நாள் 46. காலை 7:15
குளோரின் பூஜ்யம். அமிலத்தன்மைக்கான சொட்டு மருந்து ஊதா நிறம் காட்டுகிறது. ஆரஞ்சுச் சிவப்பில் நிற்க வேண்டியது. ஊதா என்றால் காரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். காரம் ஏறினால் குளோரின் வேலை செய்யாது. ஆக, குற்றவாளி அகப்பட்டான்.

அமிலம் ஊற்ற வேண்டும். நாளைக் காலை கப்பல்.

காலை 9:20
இருபது லிட்டர் ஊற்றினேன். அடியில் கரையாமல் பொடி வெள்ளையாகக் கிடந்தது. அதன் மேலேயே விழுந்தது.

காலை 9:50
வெளியே வந்துவிட்டேன். கூடத்துக் கதவை அடைத்துவிட்டேன். கண் திறக்க முடியவில்லை. மார்பில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். தண்ணீர் மேல் மஞ்சள் பச்சையாக ஒன்று ஊர்கிறது. இங்கே எடை குறைவு என்பதால் அவசரமே இல்லாமல் ஊர்கிறது.

பகல் 12:30
பெர்னாவிடம் எல்லாம் சொன்னேன். பதிவு:

"கண்ணு, மூணுன்னது பொய். பூஜ்யம்தான் வந்துச்சு. அஞ்சு நாளாவே."
"போட்ட உடனே சிவப்பு வந்து மறைஞ்சுதா?"
"மொத நாள் மறைஞ்சுது."
"பா. அது பூஜ்யம் இல்லப்பா. குளோரின் ரொம்ப ஜாஸ்தியானா அந்த நிறத்தையே வெளுத்துடும். ஊதாவும் அதனாலதான். காரமும் இல்ல, ஒண்ணும் இல்ல, எல்லாம் குளோரின். பொடி மேல அமிலம் விழவும் வாயுவா கிளம்பிடுச்சு. நல்ல தண்ணி கலந்து நீர்த்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை பூஜ்யம்னு சொல்லியிருந்தா..."
"சொல்லியிருக்கலாம்."
"நீ வெளியதான இருக்க?"
"வெளியதான்."

இதைப் படிக்கிறவருக்கு: நான் முட்டாள்தான், மறுக்கவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் எதுவும் கூடிப்போய்ப் பார்த்ததில்லை. நிறம் வரவில்லை என்றால் குறைவு. சம்பளம் வரவில்லை, மழை வரவில்லை, மார்க் வரவில்லை, எல்லாம் குறைவுதான். கூடுதலும் குறைவும் ஒரே முகத்தோடு வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குவளைக்கும் தெரியாது.

பிற்பகல் 3:10
புதிய சிக்கல். கப்பல் வந்து பொருந்தியதும் இந்தக் கூடத்துக் காற்று தானாகவே வரவேற்பு வழிக்குத் திறக்கும். வருகிறவர்களுக்குக் குளத்தின் இளஞ்சூடு முகத்தில் படவேண்டும் என்று எந்த மகராசனோ யோசித்திருக்கிறான். கணினியில் அதை நிறுத்தும் வழி இல்லை. பூமியிலிருந்து கட்டுப்பாட்டு அறை சொன்னது:

"கைவால்வு ஒன்று இருக்கிறது. கூடத்தின் உள்ளே, குளத்துக்குக் கீழே உள்ள குழாய்ப் பள்ளத்தில்."

கப்பல் திரும்பவோ வட்டமடிக்கவோ எரிபொருள் இல்லை, இறங்கியபின் உள்ளேயே காத்திருக்கக் காற்றும் இல்லை. பதினொரு விருந்தினர், இரண்டு மாலுமிகள், பெர்னா.

விண்உடையோடு அந்தப் பள்ளத்துக்குள் நுழைய முடியாது. இரண்டு தடவை முயன்றேன், தோளோடு நின்றது. முகமூடி வடிகட்டி பத்து நிமிடம் தாங்கும். பள்ளத்தில் இறங்கி, வால்வை அடைத்து, ஏறி வர இருபத்தைந்து நிமிடம். குளோரின் காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் போய்த் தங்கும். இந்த அறிவியல் கேள்விக்கு மட்டும் எனக்கு விடை தெரிந்திருக்கிறது.

நாள் 47. காலை 6:20
கப்பல் இறங்க இரண்டு மணி நேரம்.

"பா, குரல் ஏன் இப்பிடி இருக்கு?"
"சளிம்மா."
"வந்ததும் வெளியிலேர்ந்தே குழாய் வழியா ஹைப்போ கரைச்சு விடுவேன். அது குளோரினை முறிச்சுடும். ஆனா எவ்ளோ போடணும்னு தெரியணும். இப்ப எவ்ளோ இருக்குன்னு தெரியாம கண்ண மூடிட்டுப் போட முடியாது."
"ரீடிங்தான? தரேன்."
"உள்ள போவாத."
"போவல."

இதுதான் கடைசிப் பொய்.

காலை 7:02
வால்வு அடைத்தாகிவிட்டது. கடைசித் திருப்பு வரை. கூடத்துக் கதவையும் உள்ளிருந்து பூட்டிவிட்டேன். வடிகட்டி எப்போதோ தீர்ந்தது.

நான் இங்கே எழுதுவது கதவுக்கு வெளியே உள்ள திரையிலும் தெரியும்படி வைத்திருக்கிறேன். பெர்னா, கதவைத் திறக்காதே. நின்ற இடத்திலேயே படி. என்னைத் தேடிக் கண்ணாடியில் முகத்தை அழுத்தாதே. நான் குளத்து ஏணிக்குப் பின்னால் இருக்கிறேன், அங்கிருந்து தெரியாது, யோசித்துத்தான் உட்கார்ந்தேன்.

காலை 7:09
குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு. நல்ல தண்ணீர் நாற்பத்தொன்பது. நீ சொன்னபடி

மாத்திரை போட்டேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை

நிறம் வந்துவிட்டது கண்ணு. நிற்கிறது. மறையவில்லை. நல்ல ரோஸ்

காலை 7:1
நிற அட்டையோடு ஒப்பிட்டால் ஒன்றரை. ஐம்பதால் பெருக்கு. எழுபத்தைந்து. இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன்

எழுதிக்கோ
ரீடிங் எழுபத்தைந்து
மூணு இல்ல