தப்பு விடைக்கு ஓர் அடி

மார்ச் 9, ஞாயிறு
ஆவடி கோச்சிங் சென்டரில் இன்று நீட் மாதிரித் தேர்வு. தப்பான விடைக்கு மதிப்பெண் ஒன்று குறையும். சென்டரை நடத்தும் மோகன் சார் கணக்கில் அதோடு ஓர் அடியும் உண்டு, வயரிங் பைப்பால். பிசிக்ஸ் எடுப்பவள் நான். பிசிக்ஸுக்குத்தான் அதிக அடி. பைப் இறங்குமுன் காற்றில் ஒரு சத்தம் வரும். அதற்கே முன்வரிசை கண்ணை மூடிக்கொள்கிறது. நான் போர்டைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலையை விட்டால் அம்மாவிடம் என்ன சொல்வது?

மார்ச் 11
முன்வரிசையில் உட்காரும் ரேணுகாவின் அப்பா தேவா வந்தார். ஆட்டோ ஓட்டுகிறார். மகளின் உள்ளங்கைத் தடிப்பைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "கண்ணு ரெண்ட வுட்டுட்டு தோல உரிச்சிடு சார். எங்கூட்ல ஒரு டாக்டர் வந்தா போதும்." மோகன் சார் சிரித்தார். ரேணுகாவும் சிரித்தாள் – அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 16
ரேணுகா பிசிக்ஸில் ஒரு வட்டத்தைக்கூட நிரப்பவில்லை.
"ஏம்மா?"
"தப்பாப் போட்டாத்தானே மிஸ் அடி."
தெரிந்த கணக்குகளையும் விட்டிருக்கிறாள். மற்றவர்கள் தாளிலும் பாதி வெள்ளை. மே மாதம் நிஜத் தேர்விலும் கை இப்படி நின்றுவிட்டால்? தயங்கித் தயங்கி மோகன் சாரிடம் சொன்னேன்.
"அப்டியா மிஸ்? இனிமே காலியா விட்டா ரெண்டு."
சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 23
இன்றும் ரேணுகாவின் தாள் காலி. மோகன் சார் முன்னால் நிறுத்தினார். பாதியில் கையை இழுத்தாள். பைப் விரல் எலும்பில் விழுந்தது. அந்தச் சத்தம் வேற. அவ கத்தவே இல்ல. "கைய நீட்டுடி"ன்னான். திரும்ப ஓங்கினான். நான் எப்ப கிட்ட போனேன்? பைப் என் கையில இருந்துது. முழங்கால்ல போட்டேன். விழுந்தான். விழுந்தப்புறமும் போட்டேன் – முதுகுல, தோள்ல, மூஞ்சில. கிளாஸ் பொண்ணு ஸ்வாதி பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கிட்டா. "வுட்டுடுங்க மிஸ், செத்துடப் போறாரு."
நிறுத்த மனசு வரல. அடிக்க அடிக்க நல்லா இருந்துது.

மார்ச் 24
போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ரேணுகாவின் எக்ஸ்ரே வெளியே வந்துவிடும் என்று மோகன் சார் கேஸ் வேண்டாம் என்றாராம். வேலை போனது. அம்மா சோறு போட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு
திருநின்றவூரில் எங்கள் வாசலுக்கே ஆட்டோ வந்தது. "அங்க போமாட்டேன்ட்டா. நீயே பிசிக்ஸ் சொல்லிக் குடு மிஸ்" என்றார் தேவா. ரேணுகாவை இறக்கிவிட்டுப் போனார்.
வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் வட்டம் நிரப்பப் பழகியிருக்கிறாள். நான் கொடுத்த மாதிரித் தாளில் எல்லாக் கேள்விக்கும் விடை போட்டிருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். லென்ஸ் கணக்கில் மட்டும் பிளஸ், மைனஸ் குறி மாறியிருந்தது. "இது தப்பும்மா" என்றேன், சாதாரணமாகத்தான்.
எழுந்து நின்று இடது கையை நீட்டினாள்.
"உக்காரு" என்றேன்.
என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.