இடிச்சிக்கினேன்

ஜோலார்பேட்டை
15-9-1937

நைனாவுக்கு வடிவு நமஸ்காரம் செய்து எழுதியது.

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சௌக்கியம். அங்கே சௌக்கியமா என்று கேட்டு எழுத இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை.

அம்பத்தூர்க் கல்யாணம் முடிந்து சேக்காட்டில் பத்து நாள் இருக்கிறேன் என்று சொன்னவள், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு மூன்றாம் நாளே ரயிலேறினேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அன்று காலை அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிடலாம் என்று ரவிக்கையைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றாள். விளையாட்டு என்று நினைத்து நானே கழற்றினேன். இரண்டு கையிலும் நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்ததுபோல் கறுப்பும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. சில திட்டுகள் பழசாகி மஞ்சளித்துக் கிடந்தன. ஓரிடத்தில் தோல் கிழிந்து, மேலே துணி ஒட்டியிருந்தது.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"குடத்துல இடிச்சிக்கினேன்டி" என்றாள்.

எனக்கு ஏழு வயதில், அவள் கன்னம் வீங்கியிருந்தபோதும் இதே பதில்தான். அப்போது நம்பினேன். அம்மாவை இடித்த குடம் என்று அதைப் போய் எட்டி உதைத்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னமோ, நீங்கள் அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.

அந்தப் பழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். அறுபத்தைந்து வயதுக் கிழவிமேல் கை வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது நைனா?

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

வடிவு

*

சேக்காடு, ஆவடி
20-9-1937

சௌபாக்கியவதி வடிவுக்கு நைனா ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைத் தனியாகப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். உன் அம்மா வந்து, "பொண்ணு இன்னா எழுதிகீது?" என்றாள். "சௌக்கியமாம்" என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து, "படிங்க" என்றாள். நீ வேண்டாம் என்று எழுதியும் படித்தேன். அவள் எதிரில் மறைக்க முடியவில்லை.

நான் அடிக்கவில்லை அம்மா.

இரண்டு வருஷமாகவே உன் அம்மாவுக்குத் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. கதவுத் தாழ்ப்பாளில் கை உரசினால் போதும், மறுநாள் அந்த இடம் கறுத்துப்போகிறது. கன்றுக்குட்டியின் கயிறு பட்டுத்தான் தோல் கிழிந்தது. வளையல்கூட அழுத்துகிறது என்று கைக்கு ஒன்றாக நிறுத்திவிட்டாள். பூவிருந்தவல்லி டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவளைத் தனியாக என்னவோ விசாரித்தார். பிறகுதான் என்னை உள்ளே கூப்பிட்டார். வயதானால் சிலருக்குத் தோல் இப்படி மெலிந்துவிடுமாம். லேசாகப் பட்டாலும் உள்ளே ரத்தம் கசிந்து கன்றிப்போகுமாம். மருந்து கிடையாது, எண்ணெய் தடவி, இடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அதிலிருந்து அவள் முழங்கை மறைய ரவிக்கை போடுகிறாள். நாலு பேர் இருக்கும் நேரத்தில் கிணற்றடிக்குப் போவதில்லை. எதிர்வீட்டு எல்லம்மா ஒரு நாள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு தெருவில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உன் அம்மா சொல்வதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: "வடிவு, உங்க நைனா என்னெத் தொடலடி. வயசாயிட்சி, தோலு செத்துப்பூட்சி. தொட்டா கிழியற ஒடம்புன்னு பொண்ணுகிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சி. வாய்ல குடம்னு வந்துட்சி. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதே கண்ணு."

இப்படிக்கு,
கங்காதரன்

*

ஜோலார்பேட்டை
25-9-1937

நைனாவுக்கு,

அம்மா சொன்னதாக வந்த வரிகளும் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு எழுதத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

முன்பும் இப்படித்தான். பூவிருந்தவல்லி மாமாவுக்கு, "நான் நல்லா கீறேன், என்னெப் பத்திக் கவலெப்படாதே" என்று அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுவீர்கள். நான் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் உதட்டில் ரத்தம் காய்ந்திருக்கும். நீங்கள் ஒரு எழுத்து விடாமல் அழகாக எழுதி முடிப்பீர்கள்.

தோல் மெலிந்துபோகும் என்று டாக்டர் சொன்னதைப் பொய் என்று சொல்லவில்லை. நம்ப முடியவில்லை என்றுதான் சொல்கிறேன். வரும் சனிக்கிழமை உங்கள் மாப்பிள்ளை ரயில் பாஸ் எடுத்துக்கொண்டு வருகிறார். அம்மாவை அவரோடு அனுப்பிவையுங்கள். அவருடைய ரயில்வே கார்டு உத்தியோகத்தில் லீவு கிடைப்பதே பெரிது. நாளை, மறுநாள் என்று தள்ள வேண்டாம்.

வடிவு

*

சேக்காடு, ஆவடி
5-10-1937

வடிவுக்கு ஆசீர்வாதம்.

உன் அம்மா நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பாள். மாப்பிள்ளை பரந்தாமன் நம் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் குடித்திருக்க மாட்டேன்.

மாட்டுவண்டி வந்து நின்றதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "இப்பவாச்சும் பொண்ணு ஆளு அனுப்பி இட்டுகினு போவுதே, அதுவே புண்ணியம்" என்று எல்லம்மா என் காதில் விழும்படியே சொன்னாள். உன் அம்மா வண்டியிலிருந்து தலையை நீட்டி, "யம்மா, அவரெ ஒண்ணும் சொல்லாதீங்க, அவரு ஒண்ணும் பண்ணலே" என்றாள். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் பரிதாபப்பட்டார்கள்.

நான் வாசலில் நின்றிருந்தேன். செய்யாத குற்றம்தான். ஆனாலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் இந்தத் தெரு என்னைக் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறது. அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

சமையல் நானே செய்துகொள்கிறேன். என்னைப் பற்றி நினைக்க வேண்டாம்.

கங்காதரன்

*

ஜோலார்பேட்டை
30-10-1937

அன்புள்ள நைனாவுக்கு வடிவு அநேக நமஸ்காரம்.

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கி இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அம்மா குளிக்கப் போகும்போது புறக்கடைப் படியில் கால் தடுக்கியது. விழுந்துவிடுவாளே என்று கையை எட்டிப் பிடித்தேன். விழவில்லை. மறுநாள் காலையில் அவள் புஜத்தில் என் நாலு விரலும் கட்டைவிரலும் அச்சடித்ததுபோல் இருந்தன. நான் கையை வைத்துப் பார்த்தேன் நைனா. விரலுக்கு விரல் பொருந்தியது.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டு ராணி வந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "இன்னா பாட்டி இது, வெரல் வெரலா கீது? பொண்ணு கை வெக்குதா? எங்கிட்ட சொல்லு" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அம்மா சிரித்தாள். "ஐயே, அதெல்லாம் இல்லம்மா. குடத்துல இடிச்சிக்கினேன்" என்றாள்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ராணி போகிற வரையில் அடுப்படியைவிட்டு நான் வெளியே வரவில்லை. அவளும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

சாயங்காலம் அம்மாவைக் கேட்டேன். "உள்ளதெச் சொல்றதுதானே? ஏன் அப்பிடிச் சொன்னே?"

"உள்ளதெச் சொன்னா யாரு நம்பறாங்க?" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "அவுரு அடிச்ச காலத்துல இடிச்சிக்கினேன்னு பொய் சொன்னேன். ஊரே நம்பிச்சி. இப்போ அவுரு தொடலேன்னு நெசத்தெ சொன்னேன். பெத்த பொண்ணே நம்பலே."

மறுநாள் ரயில்வே டாக்டரிடம் காட்டினோம். பூவிருந்தவல்லி டாக்டர் சொன்னதையே சொன்னார். உங்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிருக்கலாம்" என்றார்.

தெருவெல்லாம் உங்களைத் தூற்றும்படி செய்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

வடிவு

*

சேக்காடு, ஆவடி
4-11-1937

என் கண்ணான வடிவுக்கு நைனா ஆசீர்வாதம்.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. நான் இப்போது அடிக்கவில்லை என்பது நிஜம். நீ ஏழு வயதில் பார்த்ததும் நிஜம். ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மேலதிகாரி என்னை ஏசினால் அங்கே கைகட்டி நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அவளை அடித்தேன். குழம்பில் உப்பு என்று அடித்தேன். எதிர்த்துப் பேசினாள் என்று அடித்தேன், பேசவில்லை என்றும் அடித்தேன். யாரும் சொல்லி நான் நிறுத்தவில்லை. வயதானது, கை ஓய்ந்தது. அவ்வளவுதான். திருந்திவிட்டதாக எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒன்று எழுத வேண்டும். முன்பே எழுதியிருந்தால் உன் விரல் பதிந்திருக்காது. அவளை எப்படித் தொட வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித்தருவதா என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன். அவள் தடுமாறினால் நீ அவள் கையைப் பிடிக்காதே. உன் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நில், அவள் பிடித்துக்கொள்வாள். அவள் பிடித்தால் கன்றுவதில்லை. நாம் பிடித்தால்தான் கன்றுகிறது. குளித்தபின் துண்டால் தேய்க்காதே, நைந்த வேட்டித் துணியால் ஒற்றி எடு. உட்கார்ந்தவளை எழுப்புவதானால் முதுகுக்குப் பின்னால் உள்ளங்கையை விரித்துத் தாங்கு, விரலை மடக்காதே. இதெல்லாம் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

அவள் அங்கேயே இருப்பதானாலும் சரி, வருவதானாலும் சரி. அவள் இஷ்டம். நான் கேட்க மாட்டேன்.

நைனா

*

ஜோலார்பேட்டை
10-11-1937

அன்புள்ள நைனாவுக்கு வடிவு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'பேசவில்லை என்றும் அடித்தேன்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அத்தெ இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன். பிறகு எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டாள். ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நீங்கள் எழுதியது போலவே நானும் சொன்னபடியே எழுதுகிறேன்:

"உங்க நைனா நல்லா எழுதிகீறாரு. எழுத்துக்கு இன்னா கொறச்சல். ஆனா யாருக்கு எழுதிகீறாரு? உனக்கு எழுதிகீறாரு. பொண்ணுக்கு முன்னாடி தலெ குனிஞ்சிட்டாரு. பட்டவ நானு. இத்தினி வருசம் ஒரே ஊட்ல இருந்தோம், எங்கிட்ட ஒரு வார்த்தெ சொன்னாரா? இந்த ரெண்டு வருசமா அவுரு கையெப் பிடிச்சிக்கினுதான் நடக்கிறேன். அப்பவாச்சும் சொன்னாரா?"

"வரச்சொல்லி எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"நான் கூப்பிட மாட்டேன்" என்றாள்.

வடிவு

*

சேக்காடு, ஆவடி
16-11-1937

வடிவு, இது உனக்கு எழுதியதில்லை. அம்மாவுக்கு உரக்கப் படி.

பூங்காவனத்துக்குக் கங்காதரன் எழுதிக்கொண்டது.

இத்தனை வருஷமாக நீ சொல்ல நான் எழுதியிருக்கிறேன். உனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று எல்லம்மா வீட்டுக்குப் போனேன். அவள் புருஷனும் இருந்தார். "இப்போ நான் அவளெத் தொடலே. சின்ன வயசுல அடிச்சதெல்லாம் நெசம்" என்றேன். எல்லம்மா கையில் இருந்த வேலையைக்கூட நிறுத்தவில்லை. "அது எங்களுக்கு அப்பவே தெரியுமே" என்றாள். அவள் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் நம்பியது என்று வடிவிடம் சொன்னாயாம். நீ சொன்ன பொய்யை ஒருவரும் நம்பவில்லை பூங்காவனம். எல்லோரும் தெரிந்துதான் சும்மா இருந்திருக்கிறார்கள். அவர்கள் நம்பிவிட்டார்கள் என்று நீதான் நம்பியிருக்கிறாய். அதை நினைக்க நினைக்க எனக்கு அவமானம் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் வருகிறேன். நீ கூப்பிடவில்லை என்பது தெரியும். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். உன்னிடம் சொல்ல வேண்டியதை இதில் எழுதவில்லை. எழுதினால் இன்னொருவர் வாயால்தான் உனக்கு வந்து சேரும். வாசற்படிக்கு வெளியே நின்று நானே சொல்கிறேன். மாப்பிள்ளையும் வடிவும் இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும். சொன்னபின் உள்ளே வரச்சொன்னால் வருகிறேன். நீ பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாலும் சரி, சாயங்கால வண்டியில் திரும்பிவிடுகிறேன். எதற்காகப் பேசவில்லை என்று கேட்க மாட்டேன்.

கங்காதரன்