‘நினைவில்லை’ என்று அவையில் சொன்னவனின் சாட்சி ஓலை

ஏழு குன்றும் இரண்டு ஆறும் உடைய மேழிநாட்டின் வேந்தர் பெருநற்கோ அவர்களின் குடைநிழலில் அமைச்சுப் பணி ஆற்றுபவனும், அந்நாட்டுக் கல்விச்சாலைகள் அனைத்துக்கும் மேலாளனும், ஓலைநாயகம் என்னும் பட்டம் தாங்கியவனுமாகிய கோடையன், உப்பங்கரை நாட்டின் பன்னிரு துறைகளையும் செங்கோல் வழுவாது காத்துவரும் பேரரசியார் இளம்பிறைத்தேவியாரின் திருமுன்பு பணிந்து விடுக்கும் ஓலை.

தங்கள் துறைகளில் கலங்கள் குறையாதிருக்க. தங்கள் உப்பளங்களில் காலமல்லாக் காலத்து மழை விழாதிருக்க. தங்கள் அவையில் மெய் சொல்வோர்க்கு என்றும் இருக்கை இருக்க. இம்மூன்றாவது வாழ்த்தைச் சொல்லும் தகுதி எமக்கு உண்டா என்பதைத் தேவியார் இவ்வோலையை முழுதும் கேட்டபின் முடிவு செய்தருள வேண்டும்.

தேவியாரின் திருவோலை இவ்வளர்பிறை மூன்றாம் நாள் எம் கைக்கு வந்தது. தங்கள் தலைநகரில் புதிதாக எழுப்பிய கல்விச்சாலைக்கு முதல்வராகக் கொடையனார் என்னும் ஆசிரியரை அமர்த்தத் தாங்கள் விரும்புவதும், அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக உப்பளத்தார் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வருபவர் என்பதும், ஆயினும் எம் நாட்டுக் கடிகையாகிய உயர்கல்விச்சாலையின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘அவைப் பொய்யன்’ என்று எழுதியிருப்பதைக் காட்டித் தங்கள் அமைச்சர் சிலர் தடை சொல்வதும் அறிந்தோம். அப்பதிவு எழுந்த ஆண்டில் கடிகையின் முதுமாணாக்கர் மன்றத்துக்குத் தலைவனாக இருந்தவன் யாமே என்பதால், நடந்தது யாது என்று எம்மைக் கேட்டிருக்கிறீர்கள். எம் சொல் எதுவாயினும் அதையே முடிவாகக் கொள்வதாகவும், நிறைமதி நாளில் அவை கூடுமுன் மறுமொழி வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தேவியார் எம்மீது வைத்த அந்த நம்பிக்கை எம்மை உறங்கவிடவில்லை என்று எழுதினால் அது அழகாக இருக்கும், மெய்யாக இராது. நன்றாகவே உறங்கினோம். மறுநாள் காலை எழுந்து, குளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, எழுத்தாணியைக் கையில் எடுத்து, கொடையனார் கல்வியில் வல்லவர் என்றும், பதிவேட்டுச் செய்தி மிகப் பழையது ஆகையால் தெளிவாக நினைவில்லை என்றும் சரளமாக எழுதினோம். ‘நினைவில்லை’ என்ற சொல்லை எழுதி முடித்ததும் கை நின்றது. அச்சொல்லை யாம் இவர் பொருட்டு முன்னும் ஒருமுறை சொல்லியிருக்கிறோம். அவ்வோலையை அடுப்பில் இட்டுவிட்டு இதை எழுதுகிறோம்.

இனி வருவதில் ‘யாம்’ என்று எழுத நாணமாக இருக்கிறது. அது பதவியின் சொல். இதைச் செய்தவன் பதவி ஏதுமில்லாத ஒருவன். ஆகவே ‘நான்’ என்றே எழுதுகிறேன், தேவியார் பொறுத்தருள்க.

எம் கடிகையில் பன்னிரண்டு ஆண்டு பயின்று முடித்தபின் தங்கி, தாமே ஒரு நூல் செய்ய முயல்வோரை முதுமாணாக்கர் என்போம். அக்காலத்தில் நாற்பத்தொருவர் இருந்தோம். சொந்த நூலை எழுதலாம் என்று பேர். ஆண்டில் பாதி நாள் ஆசிரியர்களின் நூல்களுக்குப் படி எடுத்துக் கொடுப்பதிலேயே போய்விடும். நரை கண்டபின்னும் நூல் முடியாதவர்கள் எங்களுள் நால்வர் இருந்தார்கள். எங்களுக்கென்று ஒரு மன்றமும், அதற்கு ஆண்டுதோறும் ஒரு தலைவனும் உண்டு. ஆசிரியர் அவையில் முதுமாணாக்கர் சார்பாக எழுந்து பேசும் உரிமை அத்தலைவன் ஒருவனுக்கே உரியது.

அவ்வாண்டு மூவர் நின்றோம். நன்னாகன் என்பவர் தம் ஆசிரியர் சொன்னதால் நின்றார். மருங்கூர்க் கொடையனார் படியெடுக்கும் வேலையை ஆண்டுக்கு இரண்டு திங்களாகக் குறைக்கவேண்டும் என்பதற்காக நின்றார். ஆறுகள் தடம் மாறுவதைப் பற்றி அவர் செய்துவந்த நூல் முக்கால் பங்கு முடிந்திருந்தது. மீதிக்கு நேரம் கிடைக்கவில்லை. நான் எதற்கு நின்றேன் என்று கேட்டால், மன்றத் தலைவனாக இருந்தவர்களை அரண்மனை தூதுப்பணிக்கு அழைப்பது வழக்கம். அதற்காகவே நின்றேன். அறைதோறும் போய், எல்லாருக்கும் நல்லது செய்வேன் என்று சொல்லிவந்தேன். என்ன நல்லது என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பினேன்.

இங்கே ஓலை எழுதுவோர்க்கு மட்டும் நேரக்கூடிய ஒரு சங்கடத்தைச் சொல்லவேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் யாரும் புள்ளி இடுவதில்லை. எழுத்து குறில் என்று காட்ட அதன்மேல் இடும் புள்ளி இல்லாதபோது ‘கொ’வும் ‘கோ’வும் ஓலையில் ஒரே வடிவாகிவிடும். ஆகவே கொடையன் என்று எழுதினாலும் கோடையன் என்று எழுதினாலும் கண்ணுக்கு ஒன்றே. மன்றத் தேர்தலிலோ ஒவ்வொருவரும் தாம் விரும்பும் பெயரைத் துண்டோலையில் கீறிக் குடத்தில் இடுவார்கள். வாசிப்பவன் ஒவ்வொன்றாக எடுத்து, அவைக்கு உயர்த்திக் காட்டி, உரக்கப் படித்து, யார் எழுத்து என்று பிறகு ஒருவரும் ஆராயாதபடி அங்கேயே கிழித்துப் போடுவான்.

தேர்தலுக்கு முதல்நாள் காலை கொடையனார் படித்துறையில் என்னைக் கண்டு, நம் இருவர் பெயரும் ஓலையில் ஒன்றாக இருக்கிறதே என்று சிரித்தார். தமக்கு இடுவோர் மருங்கூர் என்றும் எனக்கு இடுவோர் என் ஊராகிய குன்று என்றும் பெயருக்கு முன் சேர்த்து எழுதட்டும் என்றும், இதை இருவருமாகச் சென்று மன்றக் கணக்கரிடம் சொல்லி முரசறைவித்துவிடலாம் என்றும் சொன்னார். நான் அந்தப் பக்கமாகத்தான் போகிறேன், நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று அவர்க்குப் படியெடுக்கும் முறை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை எழுத்துக்கூடத்தை விட்டு அவர் வெளியே வர இயலாது.

கணக்கர் இருக்கும் வாயிலை நான் இருமுறை கடந்தேன். முதல்முறை மெய்யாகவே மறந்துபோயிற்று. யாரோ ஒருவரிடம் ஆதரவு கேட்டுப் பேசிக்கொண்டே நடந்தேன். இரண்டாம்முறை நினைவு வந்தது. வாயிலில் நின்றேன். கணக்கர் நிமிர்ந்து, ஏதேனும் காரியமோ என்று கேட்டார். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வாசிப்பவனாக அமைந்தவன் கீரங்கன். ஆறாண்டுகள் என்னோடு ஓரறையில் இருந்தவன். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நாள்தோறும் என்னைப் பெயர்சொல்லி அழைத்துப் பழகிய நாக்கு அது. வெறும் பெயர் மட்டும் எழுதிய ஓலை வரும்போதெல்லாம் கோடையன் என்றே படித்தது. நன்னாகனுக்கு எட்டு. தாமாகவே மருங்கூர் என்று சேர்த்து எழுதிய ஓலை ஏழு. குன்று என்று சேர்த்தவை நான்கு. எஞ்சிய இருபத்திரண்டும் வெறும் பெயர். இருபத்திரண்டும் எனக்கே வந்தன.

எனக்கு அவற்றின் உண்மை தெரியாது என்று சொல்லும் வழியும் இல்லை. எல்லாரும் எடுத்த படிகளை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது கடிகையில் என் வேலையாக இருந்தது. ஒவ்வொருவர் கையெழுத்தும் எனக்கு அவரவர் முகம்போலத் தெரியும். கீரங்கன் ஓலையை உயர்த்தும்போது முன்வரிசையில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கொடையனார்க்கே இடுவோம் என்று என் முகத்துக்கு நேரே சொல்லியவர்களின் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, என் பெயராகப் படிக்கப்பட்டு, கிழிந்து விழுந்தன. பதினைந்து எண்ணினேன். அவற்றை ஏழோடு கூட்டிப் பார்த்தால் நாற்பத்தொன்றில் பாதிக்கு மேல். வென்றவர் அவர்.

கொடையனார் எழுந்து, முரசறைதல் ஏன் நடக்கவில்லை என்று கேட்டார். கணக்கர் தமக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். முதல்நாளே கோடையனிடம் சொல்லியிருந்தேன், அவர் கணக்கரிடம் சொல்வதாக ஏற்றுக்கொண்டார் என்றார் கொடையனார். தலைமை தாங்கிய ஆசிரியர் வில்லியனார் என் பக்கம் திரும்பி, இவர் அவ்வாறு சொன்னது உண்டா என்று கேட்டார். அவை முழுதும் என்னைப் பார்த்தது. கொடையனாரும் பார்த்தார், அவர் முகத்தில் சினமே இல்லை. நான் ஆம் என்று சொல்லப்போகிறேன் என்றே அவர் நின்றார்.

எனக்கு நினைவில்லை என்றேன்.

இல்லை என்று மறுத்திருந்தால் அது பொய் என்று யாரேனும் வாதிட்டிருக்கலாம். நினைவில்லை என்பவனோடு யார் என்ன வாதிடுவது? அந்தச் சொல்லை அதற்காகவே தேர்ந்தேன். தோல்வி பொறாமல் சான்றில்லாத சொல்லை அவையில் சொன்னார் என்று அவர்மேல் தீர்ப்பளித்து, அவைப் பொய்யன் என்று பதிந்து, கடிகையில் நூல் அரங்கேற்றும் உரிமையையும் பறித்தார்கள். அவர் ஓலைக்கட்டுகளை எடுத்துக்கொண்டு நான்காம் நாள் வெளியேறினார்.

தேர்தலன்று உணவுக்கூடத்தில் முல்லைக்கண்ணி என்னும் முதுமாணாக்கி என் எதிரே அமர்ந்து, நேற்றுக் காலை என்ன உண்டீர் என்று கேட்டார். தினைக்கஞ்சியும் நாரத்தைத் துவையலும் என்று உடனே சொன்னேன். அது மட்டும் நினைவிருக்கிறதே என்று சொல்லி, தம் இலையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார். கடிகையில் நான் இருந்த வரையில் என் வரிசையில் அவர் மறுபடி அமரவில்லை. எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவே.

தலைவனாக என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். படித்துறைக்கு ஒரு நிழற்பந்தல் போட்டேன். படியெடுக்கும் வேலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆசிரியர்கள் மனம் கோணுவார்களே என்று அஞ்சினேன். ஆண்டு முடியுமுன் அரண்மனை அழைத்தது. என்னை அமர்த்திய அரசாணையின் முதல் வரி, முதுமாணாக்கர் மன்றம் தன் விருப்பால் தேர்ந்த தலைவன் என்று என்னைக் குறிக்கிறது. அவ்வரியின்மேல் நின்றே இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆணையிட்டு வருகிறேன். கடிகைகளின் மேலாளனாக ஆனபின் அப்பதிவை ஒரே கீறலில் நீக்க என்னால் முடிந்திருக்கும். ஏன் நீக்குகிறீர் என்று எவரேனும் கேட்பாரோ என்று அந்த ஏட்டைத் திறக்கவே இல்லை.

இவற்றையெல்லாம் இன்று காலை எம் வேந்தரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். மாணாக்கர் சண்டைக்கெல்லாம் அமைச்சர் முகம் வாடுவதா என்றும், அந்த ஆசிரியரைப் புகழ்ந்து நான்கு வரி எழுதி அனுப்பிவிட்டுக் காரியத்தைப் பாரும் என்றும் அருளினார். வேந்தர் நல்லவர்; என்மேல் அன்புடையவர். ஆனால் நான் புகழ்ந்து எழுதினால் தங்கள் அவையோர், பொய்யனாயினும் வல்லவன் என்றுதான் கொடையனாரை ஏற்பார்கள். ஒவ்வொரு நாளும் அந்தப் பெயரோடுதான் அவர் அந்த இருக்கையில் அமரவேண்டியிருக்கும். அவருக்குத் தேவை என் புகழுரை அன்று; அவையில் நான் தராத சாட்சி. ஆகவே பதவி விலகும் ஓலையையும் வேந்தரின் காலடியில் வைத்தேன். அவர் அதை இன்னும் கையில் எடுக்கவில்லை. எடுக்கும் வரை இம்முத்திரைக்கு வலிமை உண்டு என்பதால் விரைந்து எழுதுகிறேன்.

இதனால் மேழிநாட்டுக் கடிகையாருக்கு யாம் இடும் ஆணை: கொடையனார் பெயருக்கு எதிரே உள்ள பதிவை நீக்குக. அவ்விரு சொற்களையும் அவ்வாண்டின் மன்றத் தலைவன் என்று எழுதியுள்ள பெயருக்கு எதிரே எழுதுக. ஆறுகள் பற்றிய அவர் நூலை அவர் விரும்பும் நாளில், விரும்பும் இடத்தில் அரங்கேற்ற உரிமை தருக. இவ்வாணையின் படி ஒன்று இவ்வோலையோடு கட்டப்பட்டுள்ளது.

தேவியாருக்கு ஆணையிட நான் யார்? ஒன்றை வேண்டுகிறேன். நிறைமதி நாளில் கூடும் அவையில், கொடையனார் முன்னிலையில், இவ்வோலையைச் சுருக்காமல் முழுதும் வாசிக்கச் செய்தருள்க. என்னை மன்னிக்குமாறு அவரைக் கேட்டு இதில் ஒரு வரியும் எழுதவில்லை. அதற்கும் அவரே உழைக்கவேண்டும் என்று கேட்பது தகாது. ஏன் அப்படிச் செய்தான் என்று அவர் வினவினால், வெல்ல ஆசைப்பட்டான், வேறு காரணம் இல்லை என்று சொல்லுக.

மேழிநாட்டு ஓலைநாயக முத்திரை இட்டு, நிறைமதிக்கு முன் சென்று சேருமாறு விரைதூதன் கையில் விடுத்தது. வாசிப்போர் வாய் தவறாதிருக்க. கேட்போர் செவி மறவாதிருக்க.

அவையில் என்னைக் கேட்டதற்கு மறுமொழி: கொடையனார் என்னிடம் சொன்னார். நான் ஏற்றுக்கொண்டேன். எனக்கு நினைவிருந்தது.

இப்படிக்கு, கோடையன் தன் கை எழுத்து.